பேசாத பிள்ளைக்கு வேலை தெரியாதா?

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தான். நன்றாகப் புரோகிராம் எழுதுவான், அதிகம் பேசமாட்டான். “மூணாவது இன்டர்வியூவும் போச்சு டீச்சர். போர்டு முன்னாடி நின்னா எல்லாம் மறந்துடுது” என்றான்.

இதற்கும் ஒரு வரலாறு உண்டு.

1955இல் ஐ.பி.எம். நிறுவனம் புரோகிராமர்களைத் தேர்ந்தெடுக்க ஓர் எழுத்துத் தேர்வை உருவாக்கியது. எண் தொடர், உருவ ஒப்பீடு, கணக்கு, அவ்வளவுதான். அதில் தேறியவரெல்லாம் வேலையில் சிறந்தார்கள் என்று சொல்ல முடியாது. ஆனால் வாய்ச் சாமர்த்தியத்துக்கு அதில் மதிப்பெண் இல்லை.

பிற்காலத்தில் வெள்ளைப் பலகை வந்தது. எதிரே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விடை எழுத வேண்டும்.

இதை அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்களும் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். 48 மாணவர்கள். ஒரு பிரிவினர் தேர்வாளர் முன்னால் பேசிக்கொண்டே எழுதினார்கள். மற்றவர்கள் தனி அறையில் எழுதினார்கள். பார்வைக்கு நடுவே எழுதியவர்களின் திறன் பாதிக்கும் கீழே இறங்கியது. தனியே எழுதிய பெண்கள் அனைவரும் தேறினார்கள். ஆள் முன்னால் எழுதிய பெண்களில் ஒருவர்கூடத் தேறவில்லை. சிறிய ஆய்வுதான். ஆனால் அங்கே அளந்தது அறிவையா, பதற்றத்தையா?

நானும் வகுப்பில் கை தூக்கியவர்களைத்தான் கெட்டிக்காரர்கள் என்று நினைத்தேன். கடைசி பெஞ்சில் இவன் பேசாமல் கணக்கை முடித்து வைத்திருப்பான். நான் கவனித்தது குறைவு.

வேலைக்கு ஆள் எடுக்கும் என் பழைய மாணவர்களே, கேள்வியைக் கொடுத்துவிட்டு அரை மணி நேரம் வெளியே போய் வாருங்கள்.