இல்லை என்று சொல்லத் தெரிந்த மென்பொருள்

எந்த மென்பொருளும் தனித்து வாழ்வதில்லை. பிறர் எழுதிய கருவிகளை இரவல் பெற்றே அது தன் பணியில் பாதியை முடிக்கிறது. அந்தக் கருவி கணினியில் இல்லாதபோது அது எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்னும் கேள்விக்கு ஐம்பது ஆண்டு வரலாறு உண்டு.

டக்ளஸ் மெக்கில்ராயின் நெடுநாள் வற்புறுத்தலுக்கு இணங்கி, 1973ஆம் ஆண்டு பெல் ஆய்வகத்தில் கென் தாம்ஸன் யூனிக்ஸ் இயங்குதளத்தில் 'பைப்' எனப்படும் குழாய் வசதியைச் சேர்த்தார். ஒரு நிரலின் வெளியீடு அடுத்த நிரலின் உள்ளீடாகப் பாய்ந்தது. சிறு கருவிகளைக் கோத்துப் பெரும்பணி முடிக்கும் மரபு அதனால் வலுப்பெற்றது. ஆயினும் அந்த ஏற்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது. கடைசி நிரல் வென்றால் தொடர் முழுவதும் வென்றதாகவே கொள்ளப்பட்டது. தரவுத்தளத்தை நகலெடுக்கும் கருவி கணினியில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். அதற்கு அடுத்து நிற்கும் 'ஜிஸிப்', வெறுமையைச் சுருக்கி 20 பைட் அளவில் ஒரு கோப்பை உண்டாக்கி, பணி நிறைவுற்றது என அறிவித்துவிடும். பிழைச் செய்தி எழாமல் இல்லை. நள்ளிரவில் தானாக இயங்கும் பணியில் அதைப் படிப்பவர்தாம் யார்? வட்டு பழுதாகி, காப்பு நகலைத் தேடும் நாளில்தான் உண்மை தெரியவரும். இடையில் தோற்ற நிரலையும் கணக்கில் கொள்ளும் 'பைப்ஃபெயில்' என்னும் தெரிவு, 2004இல் வெளிவந்த பாஷ் 3.0இல் இடம்பெற்றது. இன்றும் அதை நாமே கேட்டு இயக்க வேண்டும்.

1991இல் டேவிட் மெக்கென்ஸி 'ஆட்டோகான்ஃப்' கருவியை எழுதத் தொடங்கினார். மென்பொருளைத் தொகுக்கும் முன்பே, கணினியில் எவை உள்ளன, எவை இல்லை என்று ஆராய்வதற்கு அது வழிசெய்தது. இல்லாதவற்றைத் தவிர்த்து மென்பொருள் தன்னைச் சுருக்கிக்கொள்ள முடிந்ததால், பலவகைக் கணினிகளிலும் அது பரவியது. ஆனால் சோதனையின் முடிவுகள் தொகுப்பவர் திரையில் ஓடி மறைந்துவிடும். பின்னர் பயன்படுத்த வருபவருக்கோ, அப்படி ஒரு வசதி இருந்ததே தெரியாமல் போகலாம்.

இவ்விரண்டுக்கும் மாறான வழியைக் காட்டியது ஒலித்தொகுப்பு மென்பொருளான 'ஆடாஸிட்டி'. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் 1999இல் டொமினிக் மஸோனியும் ரோஜர் டானன்பர்க்கும் தொடங்கிய முயற்சி அது. காப்புரிமைச் சிக்கலால், எம்பி3 கோப்பை உருவாக்கும் 'லேம்' நூலகத்தை அதனுடன் சேர்த்து வழங்க இயலவில்லை. எனினும் எம்பி3 தெரிவை மெனுவிலிருந்து மறைக்கவில்லை. அதைத் தேர்ந்தால், லேம் கோப்பு எங்கே என்று கேட்டது. இல்லையெனில் பெறும் வழியைச் சொன்னது. ஒருமுறை காட்டியதும் இடத்தை நினைவில் வைத்துக்கொண்டது. பிற வடிவங்களில் சேமிக்க எத்தடையும் இல்லை. 2017இல் எம்பி3 உரிமத் திட்டம் முடிவுற்றது. 2019இல் வந்த 2.3.2 பதிப்பு முதல் லேம் உடன் சேர்ந்தே வருகிறது.

விடுபட்ட கருவியைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும்; பெறும் வழியைக் காட்ட வேண்டும்; அதைச் சாராத பணிகள் தடைபடலாகாது. எல்லாவற்றுக்கும் மேலாக, செய்யாத வேலையைச் செய்ததாகச் சொல்லவே கூடாது. வெளிப்படையான 'இல்லை' நம் நேரத்தில் ஐந்து நிமிடங்களைத்தான் கேட்கும். பொய்யான 'முடிந்தது' பல ஆண்டு உழைப்பையே கொண்டுபோய்விடும்.