விசாரணைக் காலத்தில் பொலிஸ் மா அதிபர்: விலகலும் விலக்கலும்

விசாரணை முடியும்வரை பொலிஸ் தலைவர் ஒதுங்கியிருக்க வேண்டுமா என்று கேட்டால், 'குற்றம் இன்னும் நிரூபணமாகவில்லையே' என்ற பதில் முந்திக்கொண்டு வரும். இலங்கையின் அண்மைய அனுபவத்தை வைத்துப் பார்த்தால், இது கேட்ட கேள்விக்கான பதிலாகத் தெரியவில்லை. அவர் ஒதுங்க வேண்டியதற்கான காரணத்தை, அவருக்கெதிராகச் சாட்சி சொல்ல வேண்டியவர்களின் நிலையில்தான் தேட வேண்டும்.

தேசபந்து தென்னகோன் பதில் பொலிஸ் மா அதிபரானது 2023 நவம்பர் 29இல். அடுத்த இரண்டு வாரங்களில், டிசம்பர் 14 அன்று, முன்னர் நடந்த ஒரு சித்திரவதை வழக்கில் அவர் அடிப்படை உரிமைகளை மீறியதாக உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கும்படி தேசிய பொலிஸ் ஆணைக்குழுவையும் பணித்தது. அவர் ஒதுங்கவில்லை. அவரை யாரும் ஒதுக்கிவைக்கவும் இல்லை. மாறாக, 2024 பெப்ரவரி 26இல் அதே பதவி அவருக்கு நிரந்தரமாயிற்று.

இடையில் டிசம்பர் 31 அதிகாலையில் வெலிகமவில் நடந்ததைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். கொழும்பு குற்றத் தடுப்புப் பிரிவிலிருந்து ஒரு குழு அங்குள்ள ஹோட்டலுக்குச் சென்றது. அங்கு துப்பாக்கிச் சூடு நடந்த பின், குழு வந்த வேனை வெலிகம பொலிஸார் குற்றவாளிகளின் வாகனம் என்று கருதிச் சுட்டார்கள். கொழும்பிலிருந்து போனவர்களில் ஒருவர் இறந்தார். சுட்டவரும் பொலிஸ், இறந்தவரும் பொலிஸ். அந்தக் குழுவை அனுப்பியது யார் என்பதே விசாரணையின் மையக் கேள்வி. இதற்கு விடை வைத்திருந்தவர்கள் பொறுப்பதிகாரிகளும் சார்ஜன்ட்களும் கான்ஸ்டபிள்களும். அவர்களது வாக்குமூலத்தை எழுதுபவரும் பொலிஸ்காரர்தான். தன் இடமாற்றத்திலும் பதவி உயர்விலும் மேலிடத்தின் வார்த்தைக்கு எவ்வளவு கனம் என்பது எந்தக் கான்ஸ்டபிளுக்கும் தெரியும். யாரும் மிரட்ட வேண்டியதில்லை. தலைவர் நாற்காலியில் இருக்கிறார் என்பதே போதும். இச்சம்பவம் தொடர்பில் தென்னகோனைக் கைது செய்ய மாத்தறை நீதவான் உத்தரவிட்டது 2025 பெப்ரவரி 27இல், அதாவது பதினான்கு மாதங்கள் கழித்து.

அதற்கு முன்பே, 2024 ஜூலை 24இல், அவர் பதவியில் செயற்பட உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்திருந்தது. ஆனால் அந்தத் தடை அவரது நியமனத்தின் செல்லுபடியை எதிர்த்த மனுக்களில் பிறந்தது. வெலிகம விசாரணையின் தூய்மையைக் காக்கப் பிறந்ததல்ல. அந்த நியமனம் தொடர்பான அரசியலமைப்புப் பேரவை வாக்கெடுப்பில் சர்ச்சை எழாதிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

2019இல் நேர்மாறான குறை. உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களுக்குப் பின் பொலிஸ் மா அதிபர் பூஜித் ஜயசுந்தர பதவி விலக மறுத்தார். ஜனாதிபதி சிறிசேன அவரைக் கட்டாய விடுமுறையில் அனுப்பினார். முன்னெச்சரிக்கை கிடைத்தும் செயற்படத் தவறியது யார் என்ற அதே விசாரணையில் ஜனாதிபதியும் ஒரு தரப்பு. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் இருவரையுமே பொறுப்பாளிகளாகக் கண்டு, சிறிசேனவுக்குப் பத்துக் கோடி ரூபாயும் ஜயசுந்தரவுக்கு ஏழரைக் கோடியும் நட்டஈடு விதித்தது. விசாரிக்கப்பட வேண்டிய ஒருவர் இன்னொருவரை வீட்டுக்கு அனுப்புவதை ஒதுக்கிவைத்தல் என்று ஏற்பது கடினம். அது பழியைக் கைமாற்றுவதற்கும் இடம் தருகிறது.

இங்கே ஒரு நேர்மையான ஆட்சேபம் உண்டு. புகார் வந்தாலே ஒதுங்க வேண்டுமென்றால், அடங்காத அதிகாரியை வெளியேற்ற அரசியல்வாதிக்கு ஒரு மனு போதும். இந்தியாவில் 2006இன் பிரகாஷ் சிங் தீர்ப்பு காவல்துறைத் தலைவர்களுக்குக் குறைந்தது இரண்டாண்டுப் பதவிக்காலம் வேண்டுமென்றது இந்த அச்சத்தினால்தான். எனவே புகாரை அளவுகோலாக வைக்க முடியாது. நீதிமன்றத் தீர்ப்போ, சுயாதீன அமைப்பு முறைப்படி தொடங்கிய விசாரணையோ இருந்தால் மட்டும், சம்பளமும் தரமும் குறையாமல், ஆணைக்குழுவின் கட்டளையால் ஒதுக்கிவைக்கலாம். அதிகாரியின் மனச்சாட்சிக்கும் ஜனாதிபதியின் விருப்பத்துக்கும் அதில் வேலை இருக்கக் கூடாது.

விசாரணை இழுபட்டால் படை தலைவரின்றித் தவிக்கும் என்பது மிகைப்பட்ட பயம். 2002ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டப்படி தென்னகோனை விசாரிக்கக் குழு அமைக்கும் தீர்மானம் 2025 ஏப்ரல் 8இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. உயர் நீதிமன்ற நீதியரசர் தலைமையிலான அக்குழு விசாரித்து, அறிக்கை கொடுத்து, அதன்மீது வாக்கெடுப்பு நடந்து 177 பேரின் ஆதரவோடு, எதிர்ப்பே இன்றி அவர் நீக்கப்பட்டது ஆகஸ்ட் 5இல். எல்லாம் நான்கு மாதத்துக்குள் முடிந்தது. அதுவரை பதில் பொலிஸ் மா அதிபர் ஒருவர் படையை நடத்திக்கொண்டுதான் இருந்தார்.