கொக்கி-வளையப் பட்டைகள்: மோதல் தாங்கும் திறன்

கொக்கி-வளையப் பட்டை, ஒட்டிப் பிரித்து மீண்டும் ஒட்டக்கூடிய பிணைப்பு. வெல்க்ரோ என்ற வணிகப் பெயரே மக்கள் வாயில் நிலைத்துவிட்டது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல், 1941இல் மலைப்பக்கம் போய்த் திரும்பியபோது தன் நாயின் ரோமத்தில் ஒட்டியிருந்த முட்காய்களை நுண்ணோக்கியில் பார்த்தார். அதிலிருந்து பிறந்தது இது. ஒரு பக்கம் வளையும் நைலான் கொக்கிகள், மறுபக்கம் மெல்லிய நூல் வளையங்கள்.

திடீர் மோதலை இது எவ்வளவு தாங்கும் என்பதை ஒற்றை எண்ணில் சொல்ல முடியாது. அடி எந்தத் திசையில் விழுகிறது என்பதைப் பொறுத்தது அது. பட்டையின் தளத்துக்கு இணையாக இழுத்தால் எல்லாக் கொக்கிகளும் சுமையைப் பகிர்ந்துகொள்ளும். ஓரத்திலிருந்து உரித்தாலோ, விளிம்பிலுள்ள ஒரு வரிசை மட்டுமே தாங்க வேண்டும். அது விட்டதும் அடுத்த வரிசை. தடிமனான பொருளை ஒட்டினால் அதன் எடைமையம் பட்டையை விட்டு விலகி நிற்பதால், பக்கவாட்டு அடியும் நெம்பி உரிப்பாக மாறிவிடும். பட்டை போதவில்லை என்று சொல்லப்படும் இடங்களில் பெரும்பாலும் இந்த நெம்பல்தான் காரணம்.

பட்டையின் பலம் அதன் நெகிழ்ச்சி. உள்ளே 200 கிராம் கருவி பொருத்திய பெட்டி 1 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், கருவியிடம் ஏறத்தாழ 2 ஜூல் ஆற்றல் இருக்கும். அது 1 மில்லிமீட்டருக்குள் நிறுத்தப்பட்டால் பிணைப்பின் மீது சராசரியாக 2,000 நியூட்டன் விசை விழும். 4 மில்லிமீட்டர் இடம் கொடுத்தால் 500தான். திருகு அந்த இடத்தைக் கொடுப்பதில்லை. பிளாஸ்டிக் உறைகளில் திருகு அப்படியே இருக்க, அதைப் பிடித்திருக்கும் குழல் விரிசல் விடுவது இதனால்தான். திருகுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: குறுக்குவாட்டில் திரும்பத் திரும்ப வரும் அதிர்வில் அது தானாகச் சுழன்று தளரும் என்று ஜெர்மானியரான கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் காட்டினார். ரிவெட் அப்படித் தளராது. ஆனால் கழற்ற வேண்டுமானால் துளைத்தெடுக்க வேண்டும்.

மற்ற பிணைப்புகளில், சூப்பர் குளூ எனப்படும் சயனோஅக்ரிலேட் பசை மெல்ல இழுத்தால் நன்றாகத் தாங்கும், தட்டினால் தெறித்துவிடும். அக்ரிலிக் நுரை டேப் மோதலை உள்வாங்கும், கடுங்குளிரில் விறைத்துப்போகும். காந்தத்தின் பிடி, இடைவெளி சற்று விழுந்ததுமே சரிந்துவிடுகிறது.

இரு பக்கமும் காளான் தலைக் காம்புகள் கொண்ட 3எம் நிறுவனத்தின் டூயல் லாக் வேறு ரகம். ‘டக்’கென்ற ஒலியோடு பூட்டிக்கொள்ளும், நேரிழுப்பில் சாதாரணப் பட்டையைவிடப் பல மடங்கு உறுதி. ஆனால் நூல் வளையங்களின் நெகிழ்ச்சி இதற்கில்லை.

ட்ரோன் பறக்கவிடுபவர்கள் இணையாக இழுப்பது, உரிப்பது என்ற இரண்டு திசைகளையும் தனித்தனியே கவனிக்கிறார்கள். பேட்டரிக்கு அடியில் ஒரு துண்டு வெல்க்ரோ, முன்பின் சறுக்காமலிருக்க. மேலே குறுக்காக இறுக்கிய வார், பேட்டரி மேலெழும்பி ஓரத்திலிருந்து உரியாமலிருக்க.