கால் நட்டுப் போட்ட கொட்டகை

பதிவு கொஞ்சம் நீளம். மோட்டாரைப் போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் பொறுமையாகப் படிக்கலாம்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் களத்து ஓரத்தில் ஒரு டிராக்டர் கொட்டகை நிற்கும். சுவர் கிடையாது, கதவு கிடையாது. குழி தோண்டிக் கால் நட்டு, மேலே கூரை போட்டால் முடிந்தது. கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றிக் கேட்டால் நம் ஊர்ப் பிள்ளைகள் அரை மணி நேரம் பேசுவார்கள். கொட்டகைக்கும் ஒரு வரலாறு உண்டு என்றால் சிரிப்பார்கள். ஆனால் இருக்கிறது. அது லண்டன், ஆஸ்திரியா, டேராடூன் என்று சுற்றித்தான் நம் களத்துக்கு வந்தது.

முதலில் இருந்தது வண்டிக் கொட்டகை. இயற்கையாகவே இரண்டாகப் பிரிந்த வேம்பையோ கருவேலத்தையோ வெட்டிக் கவைக்காலாக நடுவார்கள். கவையில் விட்டம் உட்காரும், ஆணியே வேண்டாம். மேலே பிளந்த பனையில் கைமரம், குறுக்கே வரிச்சு, கட்டுவதற்குப் பனைநார். கூரைக்குப் பனையோலை, எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போன பக்கங்களில் தோகை. தண்ணீர் வசதி உள்ள இடத்தில் தென்னங்கீற்று. ஒரு தச்சரும் நான்கு உறவுக்காரர்களும் சேர்ந்தால் இரண்டு நாளில் கொட்டகை எழுந்துவிடும். சின்ன வெங்காயப் பட்டறையும் இதே கைவேலையின் தம்பிதான்.

வண்டிக்கு நிழல் எதற்கு என்று இப்போதுள்ள பிள்ளைகள் கேட்கலாம். மரச்சக்கரம் வெயிலில் காய்ந்தால் சுருங்கும். சுருங்கினால் மேலே போட்ட இரும்புப் பட்டா கழன்றுவிடும். அதனால் கூரையைத் தாழ்வாக இறக்கி, சாய்வெயிலும் சாரலும் படாமல் பார்த்துக்கொண்டார்கள். ஆள் குனிந்துதான் நுழைய வேண்டும். இந்தத் தாழ்வான கூரைதான் பின்னால் தொல்லை கொடுத்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நட்ட காலுக்கு எமன் தரைமட்டத்தில்தான் இருக்கிறான். ஆழத்தில் புதைந்த பகுதிக்குக் காற்று குறைவு, மேலே நிற்கும் பகுதிக்கு ஈரம் குறைவு. மண்ணும் காற்றும் சேரும் அந்த ஒரு சாண் இடத்தில் ஈரமும் உண்டு, காற்றும் உண்டு. பூஞ்சைக்கு அது விருந்து. கரையான் ஏறும் வழியும் அதுவே. அடியைத் தீயில் கருக்கி நடுவது, தார் பூசுவது, பழைய இஞ்சின் ஆயில் ஊற்றுவது எல்லாம் நம்மவர்கள் செய்து பார்த்த வைத்தியங்கள். எதுவும் நிரந்தரமில்லை. (கரையான் தொடாத மரம் நம் மாவட்டத்தில் ஒன்றே ஒன்று உண்டு. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறதே, 1940இல் எம்.எஸ்.கிருஷ்ணன் உலகுக்குச் சொன்ன அந்த மரம். சுமார் 12 கோடி ஆண்டுகள் பழையது என்கிறார்கள். அதைக் கால் நட முடியாது!)

இதற்கு உலகம் பயன்படுத்திய மருந்து ஒன்றைக் கண்டுபிடித்தவர் ஒரு இந்தியர் என்பது நம் பாடப்புத்தகங்களில் இல்லை. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சோந்தி காமேசம், 1933இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் மூன்றும் சேர்ந்த ஒரு கரைசலை உருவாக்கினார். செம்பு பூஞ்சையைத் தடுக்கும், ஆர்சனிக் பூச்சியைக் கொல்லும், குரோமியம் இரண்டையும் மழையில் கரைந்து போகாமல் மரத்தோடு பிடித்து வைக்கும். ‘அஸ்கு’ என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. இதே 1930களில்தான் அமெரிக்காவில், பொருளாதார நெருக்கடிக் காலத்தில், ஹோவர்ட் டோன் என்பவரும் அவருடைய பண்ணை நிர்வாகி பெர்கின்ஸும் மின்கம்பம் போன்ற நெடுங்கால்களை மண்ணில் நட்டு மலிவாகப் பண்ணைக் கொட்டகை போடும் முறையைப் பரப்பினார்கள். முதலில் கிரியோசோட் எண்ணெய் ஏற்றிய கால்கள். பிறகு காமேசத்தின் மருந்து ஏற்றிய கால்கள் அங்கே கோடிக்கணக்கில் மண்ணுக்குள் போயின. ஆர்சனிக் விஷம் என்பதால் 2003 முடிவோடு அங்கே வீட்டு உபயோக மரங்களுக்கு அதை நிறுத்திவிட்டார்கள். பழைய மின்கம்பத் துண்டு கிடைத்தால் அடுப்பில் வைக்காதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

நட்ட காலில் கூரை போடுவதை அமெரிக்கா நமக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. நம் கவைக்கால் அதைவிடப் பழையது. நமக்கு இல்லாமல் போனது அந்த மருந்துதான். நம் நாட்டில் பிறந்த மருந்து மின்கம்பத்துக்குப் போனது, நம் கொட்டகைக்கு வரவில்லை.

இனி டிராக்டர். 1959இல் ஃபரிதாபாத்தில் ஐஷர் முதல் டிராக்டரை வெளியே விட்டது. 1960இல் சென்னையில் டாஃபே தொடங்கியது. மாசி ஃபெர்குசன் என்ற பெயரை நம் ஊரார் ‘மாசி’ என்று சுருக்கி, ஏதோ தமிழ் மாதம் போல ஆக்கிக்கொண்டார்கள். 1969இல் வங்கிகள் தேசியமயமான பிறகு கடன் கிடைத்து, மெல்ல மெல்ல ஊருக்குள் வண்டி வந்தது. வந்தவுடன் எல்லோரும் அதை வண்டிக் கொட்டகையில்தான் விட்டார்கள். வேறு இடம்?

அங்கேதான் சிக்கல். டிராக்டரின் சைலன்சர் மேல்நோக்கி நிற்கும். தாழ்வான கூரைக்குள் வண்டியை விட்டால் அந்தக் குழாய் ஓலையில் முட்டும். சூடான குழாய், சில சமயம் தீப்பொறி, பக்கத்தில் டீசல் கேன், மேலே காய்ந்த ஓலை. சித்திரை மாதத்தில் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். சிலர் கூரையில் ஓட்டை போட்டார்கள். சிலர் வண்டியின் முன்பாதியை வெயிலில் விட்டார்கள். கடைசியில் கால்கள் உயர்ந்தன, ஓலை போய் ஓடும் ஷீட்டும் வந்தன. கொட்டகையின் வடிவத்தை மாற்றியது ஒரு புகைக்குழாய் என்றே சொல்வேன்.

கீற்றுக் கொட்டகை வகுப்பில் பாடம் நடத்திய தலைமுறை நான். 2004 ஜூலை 16இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் கூரைத் தீயில் போன பிறகு, கீற்றைப் பார்த்தால் எனக்குக் குளிர்ச்சி நினைவுக்கு வருவதில்லை. வண்டி நிற்கும் இடத்தில் கீற்று வேண்டாம் என்று பிடிவாதம் பிடிப்பதற்கு அதுவும் காரணம்.

ஓலைக்குப் பதில் வந்த தகரத்தின் கதை 1829இல் தொடங்குகிறது. லண்டன் துறைமுகக் கம்பெனியின் பொறியாளர் ஹென்றி பாமர் இரும்புத் தகட்டை அலை அலையாக மடித்துக் காப்புரிமை வாங்கினார். மடித்தால் மெல்லிய தகடும் விறைப்பாக நிற்கும். ஒரு காகிதத்தை விசிறி போல மடித்துப் பாருங்கள், புரியும். 1837இல் துத்தநாகம் பூசும் முறை வந்ததும் துருவும் தள்ளிப்போனது. சிமெண்டோடு கல்நாரைச் சேர்த்துத் தகடாக்கும் முறையை 1900 வாக்கில் ஆஸ்திரியாவின் லுட்விக் ஹாட்செக் கண்டார். அதுதான் நம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். தகரத்தைவிட விலை குறைவு, மழைச் சத்தம் குறைவு, துரு இல்லை. பிடிக்காமல் போகுமா?

இதில் ஒரு வேடிக்கை. டால்மியாபுரத்தில் 1939இலேயே சிமெண்ட் ஆலை. அரியலூரில் அரசு ஆலை 1979இல். நம் காலடிச் சுண்ணாம்புக்கல்தான் சிமெண்டாகிறது. ஆனாலும் 1982இல் கட்டுப்பாடு தளரும் வரை, சிமெண்ட் மூட்டை வாங்கப் பர்மிட் எழுதிக்கொண்டு அலைந்தோம். அந்த நாளில் காலைச் சுற்றிக் கான்கிரீட் போடுவது பணக்கார வேலை. கல்லும் மண்ணும் போட்டு உலக்கையால் கெட்டித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

இப்போது என் தம்பி மகன் புது வண்டி எடுத்திருக்கிறான். “பெரியப்பா, பனங்கால் போடலாமா?” என்றான். பனையை இனி நினைத்தபடி வெட்ட முடியாது. 2021 வேளாண் பட்ஜெட்டில், பனை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம் என்று அறிவித்துவிட்டார்கள். நல்லதுதான். சவுக்குக் கால் ஐந்தாறு வருடம் தாங்கினால் பெரிது. பெரம்பலூரைச் சுற்றிக் கல் குவாரிகள் இருக்கும்போது கருங்கல் காலைவிட எனக்கு எதுவும் பிடிக்காது. கரையானும் இல்லை, துருவும் இல்லை. ஆனால் கல்லில் போல்ட் பிடிக்க வைப்பது வேலை. அதனால் இப்போது எல்லோரும் ஜி.ஐ. பைப்பும் வெல்டிங்கும் என்று போய்விட்டார்கள். பைப் போட்டால் மேல்வாயை மூடிவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே மழைநீர் தங்கி உள்ளிருந்தே தின்னும்.

எந்தக் காலாக இருந்தாலும் குழிதான் முக்கியம். நம் கரிசல் மழையில் ஊதும், கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். ஆழம் குறைந்த குழியில் நட்ட கால் வருடா வருடம் சாயும். ரூர்க்கி கட்டட ஆராய்ச்சி நிலையத்தார் கரிசலுக்காகவே, அடிப்பகுதி குமிழ் போல விரிந்த கான்கிரீட் தூண்களை உருவாக்கினார்கள். அந்த யோசனையைச் சிறிய அளவில் நாமும் எடுத்துக்கொள்ளலாம். குழி நான்கு அடிக்குக் குறையாமல், அடியில் வாயைவிட அகலமாக. இதனால் இன்னொரு லாபம். சுவரில்லாக் கொட்டகையில் காற்று கீழே நுழைந்து கூரையை மேலே தூக்கும். 2011 தானே புயலுக்குப் பிறகு ஷீட் பறப்பதைப் பற்றி யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அடி விரிந்த கால் எளிதில் பிடுங்கிக்கொண்டு வராது. மூலைகளில் குறுக்குச் சட்டமும், கூரை ஓரத்தில் நெருக்கமான போல்ட்டும் போட்டால் இன்னும் நல்லது. அளவுக்கு 20க்கு 12 அடி, தாழ்வாரத்தில் 10 அடி உயரம். கலப்பையைக் கழற்றாமலே உள்ளே விடலாம், சைலன்சரும் முட்டாது.

கூரைக்கு அவன் பழைய வீட்டில் கழற்றிய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை வைத்திருக்கிறான். காசு மிச்சம் என்கிறான். கல்நார்த் தூசு நுரையீரலில் தங்கி, இருபது முப்பது வருடம் கழித்துப் புற்றுநோயாக வரும். எல்லா வகைக் கல்நாரும் ஆபத்து என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 60க்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன, நம் நாட்டில் ஷீட் இன்னும் விற்கிறது. முழுதாகக் கூரையில் கிடக்கும் ஷீட்டைவிட, அறுக்கும்போதும் துளை போடும்போதும் உடைக்கும்போதும் பறக்கிற தூசுதான் பெரிய எமன். அவன் கட்டிங் மிஷினை வாடகைக்கு எடுத்து வந்து, அளவுக்கு அறுக்கப் போகிறான் என்று கேட்டதும்தான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன். கூடமாட உதவிக்கு நிற்கப் போவது பத்தாவது படிக்கும் அவன் மகன்.

தம்பி, கலர் ஷீட் வாங்கிக்கொள், குறையும் பணத்தை நான் தருகிறேன். பழைய ஷீட்டை அறுக்காதே, உடைக்காதே, தேய்த்துக் கழுவாதே. தண்ணீர் தெளித்து நனைத்து, மூக்கு வாய் மூடி, முழுதாகத் தூக்கி, பிள்ளைகள் விளையாடாத மூலையில் பிளாஸ்டிக் தார்ப்பாய் போட்டு மூடி வை. கட்டிய துணியை வீட்டுத் துணியோடு சேர்த்துத் துவைக்காதே. உங்கள் வீடுகளிலும் இப்படி ஷீட் கிடந்தால், அறுக்கும் முன் எனக்கு ஒரு போன் போடுங்கள்.