குடிசை மாறினால் போதுமா?

வானம் பொய்த்தால் தொப்பம்பட்டியின் ஏழை உழவன் என்ன செய்வான்? குடும்பத்தோடு பட்டணத்திற்குப் பேருந்து ஏறுவான். மாளிகை எழுப்ப அவன் கை வேண்டும். அவன் தலை சாய்க்க மட்டும் அங்கே இடமில்லை! சென்னையின் கூவக் கரையிலே அப்படி எழுந்த குடிசைகள் எத்தனை! கோடையிலே தீ, மாரியிலே வெள்ளம்!

அந்த அவலம் துடைக்கவே, கலைஞர் முதலமைச்சராக இருந்த 1970-இல் குடிசை மாற்று வாரியம் பிறந்தது. 1971-இல் சட்டமும் வந்தது. தொடக்கத்தில், குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடுகள் எழுந்தன. மீனவன் கடலைப் பிரியவில்லை. உழைப்பாளி தொழிலைப் பிரியவில்லை.

சிங்கப்பூரிலும் அதே பாடம். 1961 மே மாதம் புக்கிட் ஹோ சுவீ குடிசைகள் எரிந்து, ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தனர். எரிந்த மண்ணிலேயே அரசு அடுக்கு வீடுகளை எழுப்பியது.

நாம் அப்பாதையில் நிலைத்தோமா? 2000 முதல் கண்ணகி நகர், பின்னர் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் விளிம்புக்கு மக்கள் பெயர்க்கப்பட்டனர். கூரை வலுத்தது, பிழைப்பு மெலிந்தது. வீட்டு வேலைக்குச் சென்ற தாய்க்கு வேலை தொலைவாயிற்று. பிள்ளைக்குப் பள்ளி தொலைவாயிற்று.

2021-இல் அவ்வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் பெற்றது. வாழ்விடம்! அருமையான சொல். சுவரும் கூரையும் சேர்ந்தால் வீடு. வேலையும் பள்ளியும் மருத்துவமும் அருகிருந்தால்தான் வாழ்விடம். பெயரிலே வந்த மாற்றம் ஏழையின் வாழ்விலே வரவேண்டாமா?