மெயின்ஃபிரேம் வட்டுகளின் நினைவகச் சுமை

கணினியோடு ஒரு வட்டை இணைத்தால், அதில் ஒரு பைட் கூட எழுதாத நிலையிலும், இயக்குதளம் அந்த வட்டுக்கென்று முதன்மை நினைவகத்தில் இடம் எடுத்துக்கொள்கிறது. வட்டின் எண், வகை, தற்போதைய நிலை, அதற்காகக் காத்திருக்கும் கோரிக்கைகள், பிழை நேர்ந்தால் கையாளத் தேவையான இடம் ஆகிய அனைத்தும் நினைவகத்தில் இருந்தாக வேண்டும். வட்டு 3 ஜிகாபைட்டா 300 ஜிகாபைட்டா என்பது இந்தச் செலவைப் பெரிதாக மாற்றாது. வட்டுகளின் எண்ணிக்கைதான் மாற்றும். மேசைக் கணினியில் இது யார் கண்ணிலும் படுவதில்லை. ஆயிரக்கணக்கான வட்டுகளோடு பிணைந்த மெயின்ஃபிரேமில், அதிலும் நினைவகம் குறைந்த சிறிய வகையில், வேலைக்கு வேண்டிய நினைவகத்தையே இது தின்றுவிடும். 2003 டிசம்பரில், மெயின்ஃபிரேமிலும் ஓடும் லினக்ஸ் இயக்குதளத்தின் 2.6 பதிப்பு வெளிவந்த காலத்தில் சிக்கல் வெளிப்படையாகத் தெரிந்தது. அதற்கு வழி கண்டவர்களில் முதன்மையானவர், பெங்களூரில் ஐபிஎம் மென்பொருள் ஆய்வகத்தின் லினக்ஸ் தொழில்நுட்ப மையத்தில் பணியாற்றிய மனீஷ் சோனி.

மெயின்ஃபிரேமில் வட்டுகள் பெருகியதற்கு வரலாறு காரணம். ஐபிஎம் 1989இல் அறிமுகப்படுத்திய 3390 வகை வட்டின் மூன்றாம் மாதிரியில் 3,339 சிலிண்டர்கள். கொள்ளளவு ஏறக்குறைய 2.8 ஜிகாபைட். அந்த வட்டுகள் மறைந்து, பெரிய சேமிப்பு அலமாரிகள் வந்த பிறகும் மென்பொருள் பழைய அளவையே எதிர்பார்த்தது. எனவே அலமாரியின் உள்ளே இருக்கும் டெராபைட்டுகளை நிர்வாகிகள் 3390 அளவுத் துண்டுகளாக வெட்டிக் கொடுத்தார்கள். ஒரு டெராபைட்டை இப்படி வெட்டினால் முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட 'வட்டுகள்' கிடைக்கும். சாதன எண் நான்கு பதினாறடிமான இலக்கங்கள் கொண்டது என்பதால் 65,536 வரை எண்ணலாம். பெரிய வங்கிகள் அந்த எல்லையையே நெருக்கடியாக உணர்ந்தன.

ஒவ்வொரு சாதனத்துக்கும் நினைவகத்தில் ஒரு கட்டுப்பாட்டுப் பதிவு என்ற வழக்கம் 1964இல் அறிவிக்கப்பட்ட சிஸ்டம் 360 காலத்திலிருந்தே உண்டு. ஓஎஸ்/360 ஒவ்வொரு சாதனத்துக்கும் யூசிபி எனப்படும் பதிவை நினைவகத்தில் நிரந்தரமாக வைத்திருந்தது. சென்னை ஐஐடியில் 1973இல் நிறுவப்பட்ட ஐபிஎம் 370/155 அதே குடும்பத்து இயந்திரம். அந்த மாதிரிக்கு வாங்கக்கூடிய அதிகபட்ச நினைவகமே 2 மெகாபைட்தான். ஆனால் அன்று வட்டுகளும் சில பத்துகளுக்குள் அடங்கின, பதிவுகளும் சிறியவை. நினைவகமும் வட்டு எண்ணிக்கையும் ஒன்றுக்கொன்று ஈடாக இருந்தவரை தொல்லை எழவில்லை.

ஈடு குலைந்தது லினக்ஸ் வந்த பிறகு. 1999 டிசம்பரில் ஐபிஎம் தன் மெயின்ஃபிரேமுக்கான லினக்ஸ் நிரலை வெளியிட்டது. அதே ஆண்டு விற்பனைக்கு வந்த மல்டிபிரைஸ் 3000 போன்ற சிறிய இயந்திரத்தில் நினைவகம் அதிகபட்சம் 4 ஜிகாபைட். ஒரே இயந்திரத்தைப் பல மெய்நிகர் கணினிகளாகக் காட்டும் இசட்/விஎம் மென்பொருளின் கீழ் அதைப் பல பத்து லினக்ஸ் விருந்தினர்களுக்கு, அதாவது அந்த மெய்நிகர் கணினிகளுக்கு, பங்கிட வேண்டும். ஒவ்வொரு விருந்தினருக்கும் முடிந்தவரை குறைவான நினைவகம் கொடுப்பதே தேர்ந்த நிர்வாகியின் பழக்கம். 128 மெகாபைட்டில் ஓடிய விருந்தினர்கள் அன்று சாதாரணம். அங்கே வீணாகும் ஒவ்வொரு மெகாபைட்டும் விருந்தினர்களின் எண்ணிக்கையால் பெருகும். ஆகவே வேறெங்கும் பொருட்படுத்தப்படாத ஒரு வடிவமைப்புக் குறை இங்கே முதலில் கடித்தது.

அந்தக் குறை இருந்த இடம் சிஸ்எஃப்எஸ். லினக்ஸ் 2.6இல் நிலைபெற்ற இந்தக் கோப்பு அமைப்பு வட்டில் இல்லை. இயக்குதளத்தின் மையமான கர்னல் அறிந்த சாதனங்களைக் கோப்புகளாகக் காட்டுவதற்காக நினைவகத்திலேயே உருவாவது. 0.0.0150 என்ற எண்ணுள்ள ஒரு மெயின்ஃபிரேம் வட்டின் அடைவைத் திறந்தால், அது இயக்கத்தில் உள்ளதா என்று சொல்லும் ஒரு கோப்பு, சாதன வகைக்கு ஒன்று, கட்டுப்பாட்டகத்தின் வகைக்கு ஒன்று, படிக்க மட்டுமா என்பதற்கு ஒன்று என வரிசையாக நிற்கும். பலவற்றின் உள்ளடக்கம் ஒரே எழுத்து: 0 அல்லது 1. இயக்கத்துக்கு வந்த வட்டுக்குப் பாகப்பிரிவு, கோரிக்கை வரிசை, வரிசையை ஒழுங்குபடுத்தும் முறை என்று மேலும் அடைவுகள் முளைக்கும்.

ஓர் எழுத்தைக் காட்டும் அந்தக் கோப்பு ஒவ்வொன்றுக்கும் கர்னல், பெயரைக் குறிக்கும் ஒரு டென்ட்ரியும் விவரங்களைத் தாங்கும் ஓர் ஐநோடும் வைத்திருந்தது. இரண்டும் சேர்ந்தால் 64 பிட் இயந்திரத்தில் அரை கிலோபைட்டைத் தாண்டும். சாதாரணக் கோப்பு அமைப்பில், நினைவகம் குறையும்போது இவற்றைக் கர்னல் விட்டுவிடலாம். தேவைப்பட்டால் வட்டிலிருந்து மீண்டும் படித்துக்கொள்ளலாம். சிஸ்எஃப்எஸ்ஸுக்குப் பின்னால் வட்டு இல்லாததால், விட்டால் திரும்பப் பெற வழியில்லை. ஆகவே யாரும் ஒருமுறை கூடத் திறந்து பார்க்காத கோப்புகளும் இயந்திரம் ஓடும் காலம் முழுக்க நினைவகத்தில் ஆணியடித்தது போல் கிடந்தன. ஒரு வட்டுக்கு 50 கோப்புகள், கோப்புக்கு 600 பைட் என்று வைத்துக் கணக்கிட்டால் வட்டுக்கு 30,000 பைட். 20,000 வட்டுகளுக்கு 600 மெகாபைட். சிறிய மெயின்ஃபிரேமுக்கு இது தாங்க முடியாத தொகை.

மனீஷ் சோனியின் தீர்வு எளிமையானது, அதனாலேயே பாராட்டத்தக்கது. கோப்பின் பெயர், அனுமதி போன்ற அடிப்படை விவரங்களை மட்டும் சில பத்து பைட்டுகள் கொண்ட சிறு பதிவாக வைத்துக்கொள்வது. யாரேனும் அந்தக் கோப்பைத் தேடும்போதுதான் டென்ட்ரியையும் ஐநோடையும் உருவாக்குவது. பயன்பாடு முடிந்து நினைவகத்துக்கு நெருக்கடி வந்தால் அவற்றை விட்டுவிடுவது. பல திருத்த வடிவங்களைக் கடந்து, 2004ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இது லினக்ஸ் கர்னலில் சேர்ந்தது. ஆனால் அடைவுகளின் பதிவுகள் அப்போதும் நினைவகத்திலேயே தங்கின. தேஜுன் ஹியோ 2007இல் செய்த மறுவடிவமைப்பு அவற்றையும் விடுவித்தது. அதே சிந்தனைதான் 2014இல் கெர்ன்எஃப்எஸ் என்ற பொது அடித்தளமாக வளர்ந்தது.

சிஸ்எஃப்எஸ் மெலிந்த பிறகும் சாதன இயக்கியின் செலவு மிஞ்சுகிறது. மெயின்ஃபிரேம் வட்டு ஒன்றை லினக்ஸில் இயக்கத்துக்குக் கொண்டுவந்தால், வட்டுக்கு வேலை சொல்லும் சேனல் கட்டளைகளுக்கென்று 8 கிலோபைட்டும் பிழை மீட்புக்கென்று 4 கிலோபைட்டும் ஒதுக்குவது இயக்கியின் நெடுநாள் வழக்கம். சேனல் கட்டளைகள் 31 பிட் முகவரியை நம்பியவை என்பதால் இந்த இடம் முதல் 2 ஜிகாபைட்டுக்குள் அமைய வேண்டும். மொத்த நினைவகம் எவ்வளவு பெரிதானாலும் இந்தப் பகுதி பெரிதாவதில்லை.

வன்பொருளிலும் இதே கணக்கு உண்டு. இயந்திரம் தன் சாதன வரையறைகளை எச்எஸ்ஏ என்ற தனிப் பகுதியில் வைத்துக்கொள்கிறது. 2008க்கு முன் அது வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கிய நினைவகத்திலிருந்தே வெட்டப்பட்டது. சாதனங்களைக் கூட்ட நினைப்பவர் அதையும் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது. இசட்10 தலைமுறை முதல் எச்எஸ்ஏ தனியாக, நிலையான அளவில் வருகிறது: சிறிய இசட்10 BC மாதிரியில் 8 ஜிகாபைட், 2016இன் இசட்13எஸ்ஸில் 40 ஜிகாபைட். சிறு நிறுவனங்களுக்கு இது பெரிய நிம்மதி.

நிர்வாகி செய்யக்கூடியது இரண்டு. வட்டுகளைக் குறைத்து ஒவ்வொன்றையும் பெரிதாக்கலாம். மெயின்ஃபிரேமின் இயக்குதளமான இசட்/ஓஎஸ்ஸில் 2008 முதல் ஒரே வட்டு 200 ஜிகாபைட்டைக் கடந்து வளர வழியுண்டு. அல்லது வேண்டாத வட்டுகள் லினக்ஸின் கண்ணில் படாமல் செய்யலாம். இசட்/விஎம் விருந்தினர் தனக்கு ஒதுக்கிய வட்டுகளை மட்டுமே காண்பார். இயந்திரத்தின் எல்பிஏஆர் என்னும் தனிப் பகுதியில் நேரடியாக ஓடும் லினக்ஸோ, அந்தப் பகுதிக்கு வரையறுத்த அத்தனை சாதனங்களையும் கண்டுபிடித்துப் பதிவு செய்யும். அதற்காகவே சிஐஓ_இக்னோர் என்ற கர்னல் அளவுரு இருக்கிறது. அதில் குறித்த எண்களைக் கர்னல் தொடுவதே இல்லை.

இழைச் சேனல் வழியாக ஸ்கஸி வட்டுகளைப் பயன்படுத்துவோர் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். பாதுகாப்புக்காக ஒரு வட்டுக்கு நான்கு பாதைகள் அமைத்தால் லினக்ஸ் அதை நான்கு சாதனங்களாகப் பதிவு செய்து, அவற்றை ஒன்றாகக் காட்டும் ஐந்தாவதையும் சேர்க்கிறது. 100 வட்டுகள் 500 சாதனங்களாகிவிடும்.

இன்றைய இயந்திரங்களில் நினைவகம் தாராளமாக இருந்தாலும், சுமை தெளிவாகத் தெரியும் இடம் ஒன்று உண்டு: கேடம்ப். கர்னல் விழுந்தால் அதன் நினைவகத்தைப் படியெடுக்க, முன்கூட்டியே ஒதுக்கிய சிறு பகுதியில் இரண்டாவது கர்னல் ஒன்று எழுகிறது. அது எல்லா வட்டுகளையும் பதிவு செய்யப் புகுந்தால் அந்த இடம் போதாமல் அதுவும் விழும். எனவே படியெடுக்கத் தேவையான வட்டையும் கன்சோலையும் தவிர மற்ற சாதனங்களை அங்கேயும் சிஐஓ_இக்னோர் கொண்டு விலக்கிவைக்கிறார்கள்.