மாணிக்கமும் சிவப்பு ஸ்பினெலும்

நிறத்தால் ஒத்து, வேதியியல் இயைபாலும் படிக அமைப்பாலும் வேறுபடும் இரு சிவப்பு மணிக்கற்கள். மாணிக்கம் குருந்த வகையைச் சேர்ந்த அலுமினியம் ஆக்சைடு. ஸ்பினெல் மக்னீசியம் அலுமினியம் ஆக்சைடு. இரண்டுக்கும் செந்நிறம் தருவது குரோமியமே.

இயற்பியல் பண்புகள்: மாணிக்கம் முக்கோணப் படிகத் தொகுதியையும், ஸ்பினெல் கனசதுரத் தொகுதியையும் சார்ந்தவை. மோஸ் அளவுகோலில் கடினத்தன்மை முறையே 9, 8. ஒப்படர்த்தி ஏறத்தாழ 4.00, 3.60. ஸ்பினெல் பெரும்பாலும் எண்முகப் படிகமாகக் கிடைக்கிறது.

ஒளியியல் பண்புகள்: மாணிக்கம் இரட்டை ஒளிவிலகல் உடையது, அதன் ஒளிவிலகல் எண்கள் சுமார் 1.762, 1.770. பார்க்கும் திசைக்கேற்ப ஊதா கலந்த சிவப்பாகவும் ஆரஞ்சு கலந்த சிவப்பாகவும் தோன்றும். ஸ்பினெலுக்கு ஒற்றை ஒளிவிலகலே உண்டு (சுமார் 1.718), திசைக்கேற்ப நிறம் மாறாது. குறுக்காக வைத்த இரு முனைவாக்கத் தகடுகளுக்கிடையே சுழற்றினால், மாணிக்கம் பொதுவாக ஒளிர்ந்தும் இருண்டும் மாறும். ஸ்பினெலில் இம்மாற்றம் நிகழாது. புற ஊதா ஒளியில் இரண்டுமே சிவப்பாக ஒளிரக்கூடும் என்பதால் அச்சோதனை மட்டும் போதாது.

வரலாறு: 18ஆம் நூற்றாண்டின் இறுதிவரை இவை தெளிவாக வேறுபடுத்தப்படவில்லை. பிரித்தானிய அரச மகுடத்திலுள்ள ‘கருப்பு இளவரசரின் மாணிக்கம்’ உண்மையில் ஸ்பினெல் ஆகும்.

கிடைக்குமிடங்கள்: மியான்மரின் மோகோக் பகுதியிலும், இலங்கையின் இரத்தினபுரி சரளைப் படிவுகளிலும் இரண்டும் கிடைக்கின்றன.